திமிங்கிலம் காணும் பயணமும் தீவகக் கடலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளில் வாழ்பவர்க்குக் கடல் ஓர் அயலவரைப் போன்றது. ஊர்காவற்றுறையிற் பிறந்த குழந்தை நடை பயிலுமுன்னரே அலையோசையை அறிந்துகொள்கின்றது. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியவரும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிலிருந்து நெடுந்தீவை அடையும் ஆசிரியரும், உத்தியோகத்தரும், வணிகரும் கடலின் குணங்களை நாள்தோறும் காண்கின்றனர். எனினும், இவர்களுள் எவரேனும் அப்படகிலிருந்து உயிருள்ள பெருந்திமிங்கிலம் ஒன்று நீரைப் பீறிட்டு எழுவதைக் கண்டதுண்டா என வினவினால், இல்லை என்பதே பெரும்பாலும் விடையாகும்.

அண்மைக் காலத்தில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. வெப்பமண்டலக் கடல்கள் சிலவற்றில், குறித்த பருவங்களில், மக்கள் படகேறிச் சென்று கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் காண்பதும், மூச்சுக்குழாயும் நீர்க்கண்ணாடியும் அணிந்து அவற்றின் அருகே மிதப்பதும் உலகப் புகழ் பெற்றுள்ளன. அப்படங்களைக் கண்டவர் நெடுந்தீவின் தெளிந்த நீரையும் கண்டவுடன், இங்கும் அது கூடாதா எனக் கேட்பது இயல்பே. இதற்கு விடை காண முயல்வோமாயின், திமிங்கிலத்தின் வாழ்க்கையைப் பற்றியும் நமது கடலின் அமைப்பைப் பற்றியும் பல உண்மைகள் தாமே வெளிப்படும்.

திமிங்கிலம் மீன் அன்று. திமி என்னும் பெருமீனையும் விழுங்குவது என்ற பொருளில் வடமொழியாளர் அதற்கு இப்பெயரை இட்டனர். ஆயினும் அது நம்மைப் போல் நுரையீரலால் மூச்சுவிடுவது, வெப்பக் குருதி உடையது, குட்டியீன்று பாலூட்டுவது. அதனால் எத்துணை ஆழத்திற் சென்றாலும் மூச்செடுக்க மேலே வந்தே ஆகவேண்டும். இக்கட்டாயமே மனிதன் அதனைக் காண்பதற்கும், ஒரு காலத்தில் அதனைக் கொல்வதற்கும் வாய்ப்பாயிற்று.

திமிங்கில இனங்கள் பல. அவற்றுட் கூன்முதுகுத் திமிங்கிலம் 13 முதல் 16 மீற்றர் வரை நீளமுடையது. எடை 30 தொன் அளவில் இருக்கும். அதன் முன்துடுப்புகள் உடலின் மூன்றிலொரு பங்கு நீளமுள்ளவை. விலங்குலகில் இவ்வளவு நீண்ட துடுப்பு வேறெதற்கும் இல்லை. மூழ்குமுன் அது முதுகை வளைத்துக் காட்டுவதாற் கூன்முதுகு என்னும் பெயர் ஏற்பட்டது. வாலின் அடிப்புறத்தில் உள்ள கருமையும் வெண்மையுமான கோலம் ஒன்றிற்கு உள்ளவாறு மற்றொன்றிற்கு இராது. கைரேகையைக் கொண்டு மனிதரை அடையாளம் காண்பது போல, இக்கோலத்தைப் படம்பிடித்து ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனித்தனியே இனங்கண்டு வருகின்றனர்.

இத்திமிங்கிலம் ஏன் பருவந்தோறும் வெப்பக் கடலுக்கு வருகின்றது? அதன் உணவு துருவத்தை அடுத்த குளிர்ந்த கடல்களிலேயே மிகுதியாக உள்ளது. கூனியிறாலைப் போன்ற சிற்றுயிர்களும் சிறுமீன்களும் அங்கே கோடைகாலத்திற் பெருந்திரளாகப் பெருகுகின்றன. வாய் நிறைய நீரை வாங்கி, மேல் தாடையிலிருந்து தொங்கும் தகடுகளாற் சல்லடையிற் சலிப்பது போல வடித்து, எஞ்சியவற்றை அது விழுங்கும். அவ்வாறு சில மாதங்கள் உண்டு உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டபின், குளிர்காலம் தொடங்கியதும் பல்லாயிரம் கிலோமீற்றர் நீந்தி வெப்பக் கடலை அடையும். குட்டி ஈனுதற்கும் இணை சேர்தற்கும் உரிய இடம் அதுவே. பிறந்த குட்டி நான்கு மீற்றருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ ஒரு தொன் எடையும் உடையதாயினும், அதற்கு அமைதியான நீரும் பகையில்லாத சூழலும் வேண்டும்.

இங்கே கவனிக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. வெப்பக் கடலில் தங்கும் மாதங்களிற் தாய்த்திமிங்கிலம் ஏறக்குறைய ஒன்றும் உண்பதில்லை. குட்டிக்குத் தரும் கொழுப்பு மிகுந்த பாலும், திரும்பிச் செல்லும் நெடும்பயணத்திற்கான வலுவும் முன்னர்ச் சேமித்த கொழுப்பிலிருந்தே வரவேண்டும். அறுவடையிற் சேர்த்த நெல்லைக் கொண்டு ஆண்டு முழுவதையும் ஓட்டும் குடியானவனின் நிலை அது. அக்களஞ்சியத்திலிருந்து வீணே எடுக்கப்படும் ஒவ்வொரு படியும் குட்டியின் பங்கிலிருந்து எடுக்கப்படுவதாகும்.

இத்தகைய தாயும் குட்டியும் தங்கும் இடங்களுள் இரண்டு பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று பசிபிக் பெருங்கடலில் உள்ள தொங்காத் தீவுகள். தென்பாதியிற் குளிர்காலமாகிய யூலை முதல் ஒக்டோபர் வரை அங்கே திமிங்கிலங்கள் கூடும். 1978ஆம் ஆண்டில் தொங்கா மன்னர் திமிங்கில வேட்டையைத் தடைசெய்தார். பின்னர் அதே திமிங்கிலங்களைக் காண வருவோரால் அத்தீவினர் வருவாய் பெறத் தொடங்கினர். மற்றொன்று டொமினிக்கன் குடியரசின் வடக்கே, அத்திலாந்திக்கில் அமைந்த சில்வர் பாங்க் என்னும் பவளத்திட்டு. அது 1986இல் திமிங்கிலங்களுக்கான காப்பிடமாக்கப்பட்டது. வடபாதியிற் குளிர்காலமாகிய சனவரி முதல் ஏப்ரல் வரையே அங்குப் பருவம்.

இவ்விடங்களில் நீரில் இறங்குவோர்க்குக் கட்டுப்பாடுகள் உண்டு. வழிகாட்டி ஒருவருடன் ஒரு சிலரே ஒரு வேளையில் இறங்கலாம். துரத்தலாகாது, தொடலாகாது, தாய்க்கும் குட்டிக்கும் இடையே புகலாகாது. திமிங்கிலம் தானாக ஓய்ந்து மிதக்குமாயின் சற்றுத் தொலைவில் அசையாது மிதந்து காண்பதே முறை. இம்முறை எல்லா வேளையிலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. படகும் நீந்துவோரும் நெருங்கும்பொழுது தாய் விலகிச் செல்வதையும், வழமையிலும் நீண்ட நேரம் மூழ்குவதையும் தொங்காவிற் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒருமுறை விலகுவதாற் பெருந்தீங்கு இல்லை. நாள் முழுவதும் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பருவம் முழுவதும் அவ்வாறே நடப்பின், தாயின் களஞ்சியம் கரையத் தொடங்கும்.

வானொலி நேயர்களுக்குத் திமிங்கிலத்தின் மற்றொரு சிறப்பும் உவப்பைத் தரும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் ஆண் பாடவல்லது. குறித்த ஒலித்தொடர்கள் ஒழுங்காக மீண்டும் மீண்டும் வருவதால் அதனைப் பாட்டு என்றே அறிஞர் அழைத்தனர். ரோஜர் பேயின், ஸ்கொட் மக்வே என்னும் இருவர் 1971இல் இவ்வுண்மையை ஆராய்ந்து வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே அப்பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து, வேட்டையை நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் வலுப்படுத்தியது. 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வொயேஜர் கலங்களில் வைக்கப்பட்ட தட்டிலும் திமிங்கிலத்தின் குரல் உண்டு. ஒரே கடற்பகுதியில் உள்ள ஆண்கள் யாவும் ஒரே பாட்டையே பாடும். ஆண்டுக்காண்டு அது சிறிது சிறிதாக மாறும். அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் தோன்றிய பாட்டு, சில ஆண்டுகளிற் பசிபிக் தீவுகள் வழியாகக் கிழக்கு நோக்கிப் பரவியதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கண்ணால் அரிதாகக் காணப்படும் உயிர், செவியால் தன்னை அறிவிக்கின்றது.

இனித் தீவகக் கடலுக்கு வருவோம். நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட பாக்குக் கடல் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. தெற்கே மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே மணற்றிட்டுகள் நிரையாகக் கிடந்து வாயிலை அடைக்கின்றன. அங்குச் சில இடங்களில் ஒருவர் நின்று நடக்கும் அளவே நீர் உண்டு. ஆழமின்மை ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. சில்வர் பாங்கும் ஆழங்குறைந்த திட்டுத்தான். ஆனால் அத்திட்டைச் சூழ்ந்திருப்பது பேராழம். பெருங்கடலின் வழிச்செல்லும் திமிங்கிலம் நேரே அதனுட் புகலாம். பாக்குக் கடலோ தீவுகளாலும் திட்டுகளாலும் நாற்புறமும் மறிக்கப்பட்ட முற்றம் போன்றது. அன்றியும், தென்துருவக் கடலிலிருந்து இந்துப் பெருங்கடலுக்கு வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மொசாம்பிக், மடகஸ்கார், அவுஸ்திரேலியாவின் மேற்குக்கரை ஆகிய இடங்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பாதையும் இல்லை, வாயிலும் இல்லை. ஆதலின் வருகையும் இல்லை.

இலங்கையின் பிற கரைகள் இத்தகையனவல்ல. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலருகிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குகின்றது. அதனாற் கோணேசர் கோயில் அமைந்த குன்றில் நின்றே, பருவகாலத்தில், நீலத்திமிங்கிலம் விடும் மூச்சு நீர்த்தூணாக எழுவதைச் சிலவேளை காணலாம். தெற்கே தேவேந்திரமுனைக்கும் மிரிஸ்ஸவுக்கும் அப்பால், மேற்கே கற்பிட்டிக்கு அப்பால், ஆழ்கடல் கரைக்கு அண்மையில் உள்ளது. தென்கரையில் மார்கழி முதற் சித்திரை வரையும், கிழக்கிற் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் கடல் அமைதியாக இருத்தலின் படகுகள் செல்கின்றன. ஆங்குக் காணப்படுவன பெரும்பாலும் நீலத்திமிங்கிலமும், பெருந்தலையுடைய ஸ்பேர்ம் திமிங்கிலமும், ஓங்கில்களுமே. கூன்முதுகுத் திமிங்கிலம் மிக அரிதாகவே தென்படும்.

இந்நாட்டில் இவ்வாராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. தேசிய நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகலை, 1963 சனவரியில் இரத்மலானையிற் கரையொதுங்கிய திமிங்கிலம் ஒன்றைப் புதிய இனமென அறிவித்தார். பிற அறிஞர் பல்லாண்டுகள் அதனை ஏற்கவில்லை. 2014இல் மரபணுச் சோதனை அவர் கூற்றே சரியென நிலைநாட்டியது. 1979இல் அனைத்துலகத் திமிங்கில ஆணைக்குழு இந்துப் பெருங்கடலைக் காப்பிடமாக அறிவித்தது. அதனைத் தொடர்ந்து 1982 முதல் 1984 வரை 'ருயூலிப்' என்னும் பாய்க்கப்பல் திருகோணமலைக் கடலில் ஆய்வு நடத்தியது. பின் போர் மூண்டமையால் கிழக்குக் கடல் நெடுங்காலம் அமைதியற்றிருந்தது. 2009இற் போர் முடிந்தபின்னரே திமிங்கிலம் காணும் பயணங்கள் பெருகின. இலங்கை அறிஞரான ஆஷா டி வொஸ் இங்குள்ள நீலத்திமிங்கிலங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, அவை பிற கடல்களில் உள்ளனபோற் குளிர்ப்புலம் நாடாது வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்வதை உலகுக்கு உணர்த்தி வருகின்றார்.

கூன்முதுகுத் திமிங்கிலத்திலும் இவ்வாறு இடம் பெயராத ஒரு கூட்டம் உண்டு. அது நமக்கு அண்மையில் அரபிக் கடலில் வாழ்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று ஒமான் கரையோரம் வீசும்பொழுது ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே பொங்கி உணவு பெருகுவதால், அக்கூட்டத்திற்குத் துருவப் பயணம் வேண்டியதில்லை. ஏறத்தாழ 70,000 ஆண்டுகளாக அது பிற கூட்டங்களோடு கலவாது தனித்திருந்தது என மரபணு ஆய்வு கூறுகின்றது. அதன் பாட்டும் தென்னிந்துப் பெருங்கடலிற் கேட்கும் பாட்டினின்று வேறுபட்டது.

அக்கடலின் திமிங்கிலங்களை மனிதன் நெடுங்காலமாக அறிவான். கி.மு. 325இல் அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கசு சிந்துவின் முகத்துவாரத்திலிருந்து மேற்கு நோக்கிச் சென்றபொழுது, நீர் சுழற்காற்றாற் போல் மேலெழுவதைக் கண்ட துடுப்பாளர் கைசோர்ந்து துடுப்புகளை நழுவவிட்டனர் என்றும், அவன் கப்பல்களை அணிவகுத்து எக்காளம் ஊதி ஆரவாரத்துடன் எதிர்செல்ல, அவை அஞ்சி மூழ்கிப் பின்புறமாய் எழுந்தன என்றும் வரலாற்றாசிரியர் அரியன் எழுதிவைத்தார். அன்று மனிதனும் அஞ்சினான், திமிங்கிலமும் அஞ்சியது. தீங்கு எவர்க்கும் நேரவில்லை.

ஆனால் 1960களின் நடுப்பகுதியில் நேர்ந்தது வேறு. கூன்முதுகுத் திமிங்கிலத்தை எங்கும் கொல்லலாகாது என 1966இல் அனைத்துலக விதி எழுந்தது. ஏறக்குறைய அக்காலத்திலேயே சோவியத்து வேட்டைக் கப்பல்கள் ஒமான், பாகிஸ்தான், இந்தியா ஆகியவற்றின் அப்பாற் கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களை மறைவாகக் கொன்றன. அச்செய்தி மூன்று பத்தாண்டுகள் மறைக்கப்பட்டுக் கிடந்து, 1990களிலே அந்நாட்டு விஞ்ஞானிகளாலேயே வெளியிடப்பட்டது. கொல்லப்பட்டவற்றின் வயிற்றிலிருந்த கருக்களின் வளர்ச்சியைக் கொண்டே இக்கூட்டம் வடபாதிப் பருவத்தைப் பின்பற்றுவது அறியப்பட்டது. அறிவு வளர்ந்தது, அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது. இன்று ஒமான் கரையோரம் எஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு என மதிப்பிடப்படுகின்றன.

2017இன் இறுதியில், சாம்பிராணி எனப் பொருள்படும் லுபான் என்னும் பெயரிட்ட பெண் திமிங்கிலம் ஒன்றின் உடலிற் பொருத்திய கருவி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பியது. அது ஒமானிலிருந்து அரபிக் கடலைக் குறுக்கே கடந்து, இந்தியாவின் தென்முனையை அண்டிய கடல்வரை வந்து திரும்பியது. நூறுக்கும் குறைந்த அக்கூட்டத்தில் ஒன்று, நம் வாசலருகே வந்து போயிற்று. இலங்கைக் கரையில் அரிதாகக் காணப்படும் கூன்முதுகுத் திமிங்கிலம் ஒவ்வொன்றும் எத்துணை மதிக்கத்தக்கது என்பதை இது ஒன்றே உணர்த்தும்.

இன்று எக்காளம் ஊதுவாரில்லை. ஆயினும் இடர்கள் உள. தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பற்பாதை உலகின் மிக நெருக்கமான பாதைகளுள் ஒன்று. நீலத்திமிங்கிலம் உண்ணும் இடத்தினூடாகவே அது செல்கின்றது. கப்பல் மோதி இறப்பன பல. 2022 முதல் எம்.எஸ்.சி. என்னும் பெருங்கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே விலக்கிச் செலுத்துகின்றது. ஏனையோரும் அவ்வாறு செய்தாற் பயணம் சில நாழிகையே நீளும். வலைகளிற் சிக்கி இறப்பனவும் உண்டு. மூன்றாவதாக, காணச் செல்வோரின் ஆர்வமே இடராகின்றது. ஒரு திமிங்கிலத்தைப் பத்துப் படகுகள் சூழ்ந்து துரத்துமாயின் அதனைக் காட்சி என்பதா, வேட்டை என்பதா? 2012இல் இலங்கை அரசு வெளியிட்ட ஒழுங்குவிதிகள் படகு 100 மீற்றருக்குள் நெருங்கலாகாது என்கின்றன. சிறப்பு அனுமதியின்றி உடன் நீந்துதலும் விலக்கப்பட்டுள்ளது. நீரில் இறங்குவேன் என அடம்பிடிக்கும் பயணிக்கும், இன்னும் கிட்டப் போ எனப் பணத்தை நீட்டுவோர்க்கும் மறுப்புக் கூறும் படகோட்டியே கடலின் உண்மைக் காவலர். அவர் அன்று சிறிது வருவாய் இழக்கலாம். ஆனால் அவர் மகனும் அதே தொழிலைச் செய்ய வழி இருக்கும்.

இவற்றால் தீவகத்தார் கொள்ளத்தக்க பயன் யாது? நெடுந்தீவில் திமிங்கிலம் காட்டுவோம் என எவரேனும் விளம்பரம் செய்வாராயின் அது பொய். அவ்வாறு பொய்யுரைக்க வேண்டிய வறுமை இக்கடலுக்கு இல்லை. ஆழமில்லாமையே இதன் செல்வம். கதிரவன் ஒளி அடிவரை எட்டுவதாற் கடற்புல் வளர்கின்றது. கரையொதுங்கும் சாதாழையைத் தோட்டத்துக்கு உரமிட்ட முன்னோர் அதன் அருமையை அறிவர். அப்புல்வெளியில் மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன, கடலாமை மேய்கின்றது. அப்புல்லையே உண்டு வாழும் மற்றொரு பாலூட்டி ஆவுளியா எனப்படும் கடற்பசு. ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமும் 400 கிலோ எடையும் உள்ள அவ்வுயிர், பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குட்டி ஈனும். இறைச்சிக்காகக் கொல்லப்பட்டும், வலையிற் சிக்கி மூச்சடைத்தும் அது பெரிதும் அருகிவிட்டது. தமிழ்நாட்டரசு 2022இற் பாக்குக் கடலின் தன் பகுதியில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுவுக்கான காப்பிடமாக அறிவித்துள்ளது. இலங்கை 2017இல் அடித்தளத்தை வாரும் இழுவைமடியைச் சட்டத்தாற் தடைசெய்தது. அம்மடி ஒருமுறை இழுபட்டுச் செல்லும் இடத்திற் புல்லும் போகும், மீன்குஞ்சும் போகும். கரைவலையும் சிறுபடகும் கொண்டு வாழ்வோர் குடும்பத்தின் நாளைய உணவும் போகும். பாக்குக் கடலுக்குக் கரை இரண்டாயினும் புல்வெளி ஒன்றே. மடியின் தடத்தாற் கெடுவதும் இரு கரைக்கும் பொதுவே.

ஆதலின் தீவகத்துக்கு வரும் விருந்தினர் திமிங்கிலம் எங்கே எனக் கேட்பாராயின், திருகோணமலைக்கு வழிகாட்டுவதே நேர்மையான மறுமொழி. அதனோடு, இங்கே முழங்காலளவு நீரில் விரிந்துள்ள பசும்புல் வெளியையும், அதை நம்பி வாழும் உயிர்களையும், மக்களையும் காட்டலாம். பள்ளி மாணவர்க்கும் இதுவே முதற் பாடமாதல் வேண்டும். அரபிக் கடலின் கூன்முதுகுத் திமிங்கிலம் எவரும் அறியாமலே அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. அதன் அழிவை உலகு அறிந்தபொழுது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. ஆவுளியாவைப் பொறுத்தவரை அச்சாக்குப்போக்கு நமக்கில்லை. அது குறைந்து வருவதை நாம் அறிவோம். எதனாற் குறைகின்றது என்பதையும் அறிவோம். அறிந்தபின் வாளாவிருத்தல் தகுமா என்பதே தீவகக் கடல் நம்மை நோக்கிக் கேட்கும் வினாவாகும்.